மாருதியில் 17 லட்சம்: யார் கொடுப்பார்?

சிக்கனத்துக்குப் பெயர் வாங்கிய நிறுவனம் சொகுசுக் காரை விற்க முயன்றபோது வாங்குவோர் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே மாருதிதான்.

2011 பிப்ரவரியில் மாருதி சுசுகி நிறுவனம் கிஸாஷி என்ற செடான் காரை இந்தியச் சந்தையில் இறக்கியது. அதுவரை மாருதி விற்ற செடான்களிலேயே விலை கூடியது அதுதான். 2.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 178 குதிரைத் திறன், தோல் இருக்கைகள் என்று எதிலும் குறை வைக்கவில்லை. ஜப்பானில் முழுமையாகத் தயாராகி, கப்பலில் வந்து இறங்கிய கார். டில்லி ஷோரூம் விலை 16.5 லட்சம் ரூபாய். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் 17.5 லட்சம்.

ஜப்பானிய மொழியில் கிஸாஷி என்றால் நிமித்தம், வரப்போவதன் அறிகுறி என்று பொருள். நிமித்தம் நல்லதாக அமையவில்லை. ஓட்டிப் பார்த்த பத்திரிகையாளர்கள் காரின் கட்டுமானத்தையும் சாலைப் பிடிப்பையும் பாராட்டினார்கள். ஆனால் பணம் கட்ட ஆள் வரவில்லை. ஆல்டோவும் ஸ்விஃப்டும் மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் போய்க்கொண்டிருந்த அதே ஷோரூம்களில் கிஸாஷி காட்சிப் பொருளாக நின்றது. சில ஆண்டுகளில் ஓசையில்லாமல் விற்பனையிலிருந்து மறைந்தது.

மலிவு விலைக் கார்களால் வளர்ந்த ஒரு நிறுவனம் சொகுசு செடானைக் கொடுத்தால் மக்கள் ஏற்பார்களா? மோட்டார் உலகில் அடிக்கடி எழும் இந்தக் கேள்விக்கு இந்தியாவில் கிடைத்த தெளிவான பதில்களில் ஒன்று கிஸாஷி.

பெட்ரோலும் வரியும்

தோல்விக்குக் கண்ணெதிரே தெரிந்த காரணங்கள் இரண்டு. முதலாவது, வரி. முழுதாக இறக்குமதியாகும் காருக்குச் சுங்க வரியும் பிற வரிகளும் சேர்ந்தால் காரின் அசல் விலையளவுக்கே வந்துவிடும். வாங்குபவர் கொடுத்த 17 லட்சத்தில் பெரும்பகுதி காருக்கான விலை அல்ல, அரசாங்கத்துக்கான வரி.

இரண்டாவது, எரிபொருள். 2010 ஜூனில் மத்திய அரசு பெட்ரோல் மீதிருந்த விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. டீசல் மீதான கட்டுப்பாடு தொடர்ந்தது. 2011 மே மாதம் டில்லியில் பெட்ரோல் லிட்டர் 63 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 38 ரூபாய்க்கும் குறைவு. நாடே டீசல் காருக்கு அலைந்த நேரத்தில், பெட்ரோலில் மட்டும் ஓடும் பெரிய எஞ்சின் காரை மாருதி கொண்டுவந்து நிறுத்தியது. ஸ்கோடா சூப்பர்ப் போன்ற போட்டிக் கார்கள் டீசலிலும் கிடைத்தன.

இவை இரண்டும் உண்மையான காரணங்கள்தான். ஆனால் முழுக் காரணங்கள் அல்ல. ஹோண்டா அக்கார்டும் அந்நாளில் பெட்ரோலில் மட்டுமே ஓடியது. விலையும் கிஸாஷியைவிட அதிகம். அதற்கு வாடிக்கையாளர் இருந்தார்கள். மிச்சக் காரணத்தைத் தேட 1983க்குப் போக வேண்டும்.

800 நடத்திய பாடம்

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி டில்லியைச் சேர்ந்த ஒரு வாடிக்கையாளரிடம் கொடுத்தார். விலை சுமார் 47,500 ரூபாய். அம்பாசடரும் பிரீமியர் பத்மினியுமே கார் என்றிருந்த நாட்டில் அது ஒரு புரட்சி. முன்பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். முன்பதிவுச் சீட்டே கூடுதல் விலைக்குக் கைமாறியது.

அதன்பின் இரண்டு தலைமுறை நடுத்தர வர்க்கத்துக்குக் கார் வாங்கக் கற்றுக்கொடுத்தது மாருதிதான். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்? உதிரி பாகம் ஊரிலேயே கிடைக்குமா? சிறு நகரத்து மெக்கானிக் பிரித்து மாட்டுவாரா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்து வருடம் ஓட்டிவிட்டு விற்றால் எவ்வளவு திரும்பி வரும்? இந்த நான்கு கேள்விக்கும் மாருதியிடம் இருந்த பதில் வேறு எந்த நிறுவனத்திடமும் இல்லை. மாருதி கார் கிட்டத்தட்ட வங்கியில் போட்ட பணம் போல. அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கிஸாஷி தோற்றது இந்த இடத்தில்தான். அதே வாடிக்கையாளர் அதே நான்கு கேள்விகளை அதன் முன் வைத்தார். பெரிய எஞ்சின், மைலேஜ் குறைவு. இறக்குமதிக் கார் என்பதால் உதிரி பாகம் எளிதில் கிடைக்குமா என்ற பயம். சாலையில் அபூர்வமாகத் தென்படும் காரைப் பழைய கார் சந்தையில் யார் வாங்குவார்? மாருதியை நம்புகிறவர் எதற்காக நம்பினாரோ, அந்தக் காரணம் ஒன்றுகூட கிஸாஷியில் இல்லை. மைலேஜைப் பற்றிக் கவலைப்படாத பணக்காரரோ மாருதி ஷோரூமுக்குள் நுழையும் பழக்கமே இல்லாதவர். காருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இரு தரப்பினரும் இப்படிக் கைநழுவிப் போனார்கள்.

கௌரவம் என்ற விஷயமும் உண்டு. 17 லட்சம் கொடுத்து வாங்கிய கார் வாசலில் நின்றால் பக்கத்து வீட்டுக்காரருக்கு அது 17 லட்சம் என்று தெரிய வேண்டும். முகப்பில் சுசுகியின் 'எஸ்' முத்திரை இருந்தால் அவர் கேட்பது, "புது மாருதியா?" என்ற ஒரே கேள்விதான். அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க யாரும் 17 லட்சம் கொடுப்பதில்லை.

மாருதியே சொகுசாக இருந்த காலம்

ஆனால் மாருதி என்ற பெயரோடு சொகுசு ஒட்டவே ஒட்டாது என்று முடிவு கட்டுவதும் தவறு. 1990ல் மாருதி 1000 வந்தபோது அதுதான் நாட்டின் கனவுக் கார். விலை 800ஐப் போலப் பல மடங்கு. எஞ்சின் 970 சி.சி.தான், கனமான உடலை இழுக்கத் திணறியது. இருந்தும் வாங்க ஆள் வரிசையில் நின்றது. அதைச் செம்மைப்படுத்தி, 1.3 லிட்டர் எஞ்சின் பொருத்தி 1994ல் வெளியான எஸ்டீம், அதிகாரிகளும் தொழிலதிபர்களும் பெருமையோடு ஏறி இறங்கிய கார்.

அன்று ஏற்றுக்கொண்ட மக்கள் பிறகு ஏன் மறுத்தார்கள்? அன்று ஒப்பிட்டுப் பார்க்க வேறு கார் இல்லை. 1995ல் டேவூ சியலோ, 1998ல் ஹோண்டா சிட்டி என்று புதியவர்கள் வந்ததும் நிலைமை மாறியது. 1999ல் மாருதி பலேனோ என்ற செடானைச் சிட்டிக்குப் போட்டியாக நிறுத்தியது. தரமான கார் என்று பெயர் கிடைத்தது, விற்பனை கிடைக்கவில்லை. 2015ல் அதே பலேனோ பெயரை, டிக்கி நீட்சி இல்லாத ஹேட்ச்பேக் கார் ஒன்றுக்கு மாருதி வைத்தது. அது நாட்டில் அதிகம் விற்கும் கார்களில் ஒன்றாகிவிட்டது.

ஒரே கார், இரண்டு முத்திரைகள்

கார் முக்கியமா, பெயர் முக்கியமா என்பதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு சந்தையில் எளிதில் கிடைப்பதில்லை. டொயோட்டாவும் சுசுகியும் கைகோத்த பிறகு இந்தியாவில் அது பலமுறை கிடைத்தது.

2019ல் மாருதியின் பலேனோவைச் சிறு மாற்றங்களோடு கிளான்ஸா என்ற பெயரில் டொயோட்டா விற்கத் தொடங்கியது. 2023 ஜூலையில் டொயோட்டாவின் இன்னோவா ஹைகிராஸ் வேனை இன்விக்டோ என்ற பெயரில் மாருதி விற்கத் தொடங்கியது. தொடக்க விலை 24.79 லட்சம். ஹைகிராஸும் இன்விக்டோவும் கர்நாடகத்தில் பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையில் தயாராகுபவை.

முடிவு என்ன? சிறிய காரில் மாருதி முத்திரை கொண்ட பலேனோவே கிளான்ஸாவைவிடப் பல மடங்கு விற்கிறது. பெரிய காரில் ஹைகிராஸ் மாதம் ஆயிரக்கணக்கில் போக, இன்விக்டோ சில நூறுகளில் நிற்கிறது. ஹைகிராஸில் விலை குறைந்த சாதாரண பெட்ரோல் வகையும் உண்டு, இன்விக்டோவில் ஹைபிரிட் மட்டுமே என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதைக் கழித்தாலும் இடைவெளி பெரிது.

டொயோட்டா உயர்ந்தது, மாருதி தாழ்ந்தது என்பதல்ல இதற்கு அர்த்தம். ஒவ்வொரு பெயருக்கும் மக்கள் மனதில் ஒரு விலை எல்லை இருக்கிறது. எல்லைக்குள் அந்தப் பெயர் பலம், தாண்டினால் பாரம். இன்னோவாவும் டாக்ஸியாக ஓடுகிறது, மாருதி டிசையரும் டாக்ஸியாக ஓடுகிறது. ஆனால் இன்னோவா டாக்ஸியைக் கூப்பிடுபவர் கூடுதல் வாடகை கொடுக்கத் தயாராக வருபவர்.

வெளிநாடுகளின் வழி

இந்தச் சிக்கலை ஜப்பானியர்கள் எண்பதுகளிலேயே கண்டுகொண்டார்கள். அமெரிக்காவில் சிக்கனக் கார்களால் பெயர் பெற்ற ஹோண்டா 1986ல் அக்யூரா என்ற தனிப் பெயரை உருவாக்கியது. டொயோட்டா 1989ல் லெக்சஸைக் கொண்டுவந்தது. பெயர் வேறு, ஷோரூம் வேறு, உபசரிப்பு வேறு. 2015ல் ஹூண்டாய் நிறுவனமும் தன் ஜெனிசிஸ் காரின் பெயரையே தனி முத்திரையாகப் பிரித்துவிட்டது.

பிரிக்காமல் முயன்றவர்களில் பெரியவர் ஃபோக்ஸ்வாகன். மக்கள் கார் என்பதே அந்தப் பெயரின் பொருள். 2002ல் அது வெளியிட்ட ஃபேட்டன் கார் டிரெஸ்டன் நகரில் கண்ணாடிச் சுவர் கொண்ட தனி ஆலையில் தயாரானது. பென்ஸுக்கு இணை என்று நிபுணர்கள் ஒப்புக்கொண்டார்கள். அமெரிக்காவில் 2006லேயே கடையைக் கட்ட வேண்டியதாயிற்று. 2016ல் உற்பத்தியே நின்றது.

வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பாவில் ஒரு காலத்தில் மலிவுக் கார் என்று கேலிக்கு ஆளான ஸ்கோடா, 2001ல் இந்தியாவுக்கு ஆக்டேவியாவோடு வந்து இறங்கியபோது உயர்தரக் காராகவே வரவேற்கப்பட்டது. அந்தக் கேலியை இந்தியர்கள் கேட்டதில்லை. ஒரு பெயரின் மதிப்பு அந்தந்த ஊரின் ஞாபகத்தைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

மலிவு என்ற பெயர் அடித்தட்டிலும் எடுபடுவதில்லை. 2009ல் 'ஒரு லட்ச ரூபாய் கார்' என்ற முழக்கத்தோடு வந்த நானோவை, ஸ்கூட்டரிலிருந்து காருக்கு மாற நினைத்த குடும்பங்களே புறக்கணித்தன. மலிவுக் கார் என்று விளம்பரப்படுத்தியது தவறு என்று ரத்தன் டாடாவே பிற்பாடு ஒப்புக்கொண்டார். அவரது நிறுவனம் சொகுசுச் சந்தைக்குப் போக வேறு வழி கண்டது. 2008ல் ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் விலைக்கு வாங்கி, டாடா பெயரை அவற்றின் மேல் எழுதாமல் விட்டது.

படிப்படியாக ஒரு பயணம்

கிஸாஷியிலிருந்து மாருதியும் பாடம் கற்றது. 2014ல் வந்த சியாஸ் செடான் 7 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகத் தொடங்கியது, டீசலிலும் கிடைத்தது. விற்பனையில் ஹோண்டா சிட்டியையே முந்திய மாதங்கள் உண்டு. 2015 ஜூலையில் நெக்ஸா என்ற பெயரில் தனி ஷோரூம்கள் திறக்கப்பட்டன. ஆல்டோவுக்கு முன்பணம் கட்ட வந்த குடும்பமும் விலையுயர்ந்த கார் தேடி வந்தவரும் இனி ஒரே நாற்காலி வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை.

அங்கும் முதல் அடி சறுக்கியது. நெக்ஸாவின் முதல் காரான எஸ்-கிராஸின் 1.6 லிட்டர் வகைக்கு, வந்த சில மாதங்களிலேயே, 2016 ஜனவரியில் சுமார் 2 லட்சம் ரூபாய் வரை விலையைக் குறைக்க நேர்ந்தது. முன்பே முழு விலை கொடுத்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மறுவிற்பனை மதிப்பை உயிராக நினைக்கும் வாடிக்கையாளரிடம் ஒரு நிறுவனம் செய்யக்கூடாத காரியம் இது.

ஆனால் 2022ல் 10.45 லட்சத்தில் தொடங்கி 20 லட்சத்தை நெருங்கிய கிராண்ட் விடாரா, முதல் இரண்டு ஆண்டுகளிலேயே சுமார் 2 லட்சம் விற்றது. 2011ல் கிஸாஷிக்குக் கேட்ட விலையை மாருதி காருக்குக் கொடுக்க மக்கள் இப்போது தயங்கவில்லை. பதினோரு ஆண்டுகளில் ரூபாயின் மதிப்பு குறைந்ததும் ஒரு காரணம். மைலேஜ் என்ற பழைய வாக்குறுதியை ஹைபிரிட் எஞ்சின் மூலம் பெரிய காரிலும் காப்பாற்றியது இன்னொரு காரணம். நான்கு கேள்விகளில் முதல் கேள்விக்கு விடை கிடைத்ததும் மற்றவற்றை மக்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

இதற்கிடையே செடான் என்ற இனமே தேய்ந்துவிட்டது. உயரமான எஸ்.யூ.வி. வண்டிகள் மீது மோகம் திரும்ப, 2025ல் சியாஸ் நிறுத்தப்பட்டது.

விலை கூடக்கூட ஐந்தாவதாக ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: மோதினால் உயிர் தப்புமா? 2020ல் குளோபல் என்கேப் சோதனையில் மாருதியின் எஸ்-பிரஸ்ஸோ ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. இலேசான கார் என்ற பெயர் மைலேஜுக்கு உதவியது, பாதுகாப்பில் சந்தேகத்தை வளர்த்தது. 2024ல் அதே அமைப்பின் சோதனையில் புதிய டிசையர் ஐந்து நட்சத்திரம் பெற்றது. மாருதி காருக்கு அது முதல் முறை. கௌரவத்தை விளம்பரத்தால் சம்பாதிக்க முயன்றதைவிட இது உறுதியான அடி.

மாருதியிடம் பெரிய காரைத் தயாரிக்கும் திறமை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வாங்குபவர் கேட்பது வேறு. வீட்டுக் கடனுக்கு அடுத்தபடியாகத் தான் செய்யும் பெரிய செலவு வீணாகாது என்ற உறுதி அவருக்கு வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் 47,500 ரூபாய்க் காரில் மாருதி அந்த உறுதியைக் கொடுத்தது; நாடே அதை வாங்கியது. 25 லட்ச ரூபாய்க் காரிலும் அதே உறுதியைக் கொடுக்கும் நாளில், முகப்பில் எந்த முத்திரை இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைந்துவிடுவார்கள்.