வட்டரம்ப மேசையின் சட்டமும் ரௌட்டர் வேலையும்

தறி உறுப்புகளையும் தேனீப் பெட்டிகளையும் தாமே செய்துகொள்ளும் சிறு தச்சுக்கூடங்களில் வட்டரம்ப மேசை ஒன்று முதலில் வந்து சேர்கிறது. காடி வெட்டவும் ஓரம் வளைக்கவும் ரௌட்டர் என்னும் கருவி பின்னர் வருகிறது. இதனைக் கையிற் பிடித்து ஓட்டுவதைக் காட்டிலும், மேசையின் அடியில் தலைகீழாகத் தொங்கவிட்டு மரத்தை அதன்மேல் ஓட்டுவதே செம்மையான முறை என்பதை வேலை தெரிந்தோர் அறிவர். அதற்கெனத் தனி மேசையும் தனிச் சட்டமும் வாங்கப் பணமும் வேண்டும், இடமும் வேண்டும். இரண்டும் அரியனவாக உள்ள கூடங்களில், ரம்ப மேசையின் வலப்புற நீட்டிப் பலகையிலேயே ரௌட்டரைப் பொருத்தி, ரம்பத்தின் சட்டத்தையே இரண்டு வேலைக்கும் பயன்படுத்தலாம். தச்சர் பலர் ‘கைடு’ என்று வழங்கும் அந்த நேர்ச்சட்டத்தை எவ்வாறு இதற்கு இசைவிப்பது என்பதை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

முதலிற் கருதவேண்டியது, இரு வேலைக்கும் சட்டம் ஆற்றும் பணி ஒன்றன்று என்பது. ரம்பத்தில் சட்டம் தட்டுக்கு இணையாக நிற்றல் இன்றியமையாதது. பின்முனை தட்டின் பக்கம் சிறிதே சாய்ந்தாலும் மரம் இடுக்கப்பட்டு, வேலை செய்வோர் மீதே எறியப்படும். ரௌட்டரின் பிட்டோ உருண்டை வடிவினது. அதற்கு எதுவும் இணையாக இருக்கவேண்டுவதில்லை. பிட்டின் வெட்டுமுனைக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரம் ஒன்றே கணக்கு. ஆகவே இவ்வகையில் ரௌட்டர் எளிதில் திருப்தியடையும் கருவி எனலாம்.

ஆயினும் ரம்பத்தின் சட்டத்தை அப்படியே வைத்துக் காடி வெட்ட இயலாது. பெரும்பாலான வேலைகளில் பிட்டின் ஒரு பகுதி சட்டத்துக்குள் மறைந்து நிற்க வேண்டும். சட்டமோ அலுமினியத்தாலோ எஃகாலோ ஆனது. பிட் அதனைத் தொட்டால் பிட்டும் போயிற்று, சட்டமும் போயிற்று. எனவே சட்டத்தின் வலப்புற முகத்தில் மரத்தாலான துணை முகம் ஒன்றை அமைத்துக்கொள்ள வேண்டும். ரம்பத்துக்கு உதவுவது இடப்புற முகமாதலின், அதற்கு இதனால் ஊறு நேராது.

துணை முகத்துக்கு 18 மி.மீ. பிளைவுட் போதும். உயரம் 90 முதல் 100 மி.மீ. வரை இருக்கலாம், நீளம் சட்டத்தின் நீளமே. இதனை ஒரே துண்டாக வைத்து நடுவில் அரைவட்டம் வெட்டுவோரும் உளர். இடம், வலம் என இரு துண்டுகளாக அமைத்து, ஒவ்வொன்றிலும் நீள்துளையிட்டு, போல்ட்டுகளால் பிடிக்கச் செய்வதையே நாம் விரும்புகிறோம். பிட் சிறிதாயின் இரு துண்டுகளையும் நெருக்கலாம், பெரிதாயின் விலக்கலாம். திறப்பு எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்கு மரத்தின் முனை அதில் இடறாது. போல்ட்டின் தலை முகத்துக்கு வெளியே துருத்தாமல் உள்ளே அமிழ்ந்திருக்கட்டும். இரு துண்டுகளின் கீழ்விளிம்பிலும் 3 மி.மீ. அளவு சாய்த்துச் சீவிவிட்டால், மரத்தூள் அங்கே ஒதுங்கும். இன்றேல் அது மரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே புகுந்து அளவைக் கெடுக்கும். பொருத்தியபின் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். மேசைக்குச் செங்குத்தாக இல்லையேல் பின்புறம் காகிதத் துண்டு செருகிச் சரிசெய்தல் எளிது.

திறப்பின் பின்னே சட்டத்தின் மேல் ஒரு சிறு பெட்டி அடித்து, தூசி உறிஞ்சும் குழாயை அதில் இணைத்தல் நன்று. மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995இல் வகைப்படுத்தியது. ரௌட்டர் எழுப்பும் தூசி ரம்பத்தினுடையதைவிட நுண்ணியது என்பதைக் கூடத்தில் நிற்போர் மூக்கே சொல்லும்.

சட்டம் முன்புறத்தில் மட்டும் பூட்டுவதாக இருந்தால், பின்முனையைக் கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள். சிறிதேனும் அசையுமாயின், அம்முனையை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்குதல் வேண்டும்.

இனி, மிகவும் கருத்தோடு படிக்கவேண்டிய பகுதிக்கு வருகிறோம். தலைகீழாகப் பொருத்திய ரௌட்டரின் பிட், மேலிருந்து நோக்குங்கால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழலும். சட்டத்தை எதிரே வைத்து நிற்பவர் மரத்தை வலத்திலிருந்து இடமாகச் செலுத்த வேண்டும். அப்போதுதான் பிட்டின் சுழற்சி மரத்தை எதிர்க்கும். எதிர்த்தவாறே அதனைச் சட்டத்தோடு சேர்த்தும் அழுத்தும். மேசையின் வலக்கோடியில், சட்டத்தை நோக்கி நின்று பாருங்கள். வலக்கைப் பக்கம் மேசையின் பின்புறம். இடக்கைப் பக்கம் அதன் முன்புறம். அதாவது, ரம்பத்தில் முன்னிருந்து பின்னாக மரம் தள்ளிய அதே மேசையில், ரௌட்டருக்குப் பின்னிருந்து முன்னாகத் தள்ள வேண்டும்! நாள் முழுதும் ரம்பத்தில் பழகிய கை இங்கே தானாகவே தவறான திசையில் நீளும். திசை மாறினால் பிட் மரத்தைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடும். மரத்தைப் பிடித்திருந்த விரல்களும் உடன் செல்லும். ஆகவே நீட்டிப் பலகையின் மீது சிவப்பு வண்ணத்தில் ஓர் அம்புக்குறி எழுதிவைக்க வேண்டுகிறோம். புதிதாக வேலை கற்கும் பிள்ளைகளுக்கு வாயாற் சொல்வது போதாது.

இதனோடு ஒட்டிய பிழை இன்னொன்று. ரம்பத்தில் மரம் தட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே செல்கிறது. அப்பழக்கத்தில் ரௌட்டரிலும் பிட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே மரத்தை நுழைத்து, அதன் வெளி ஓரத்தைச் சீவ முயல்வோர் உளர். பிட்டின் சட்டப்பக்க முகம் எதிர்த்திசையில் ஓடுவதால், வழக்கமான திசையில் தள்ளிய மரம் அம்புபோல் பறக்கும். ஓரம் சீவ வேண்டின், பிட்டைத் துணை முகத்துக்குள் மறைத்து, வெளியே தேவையான அளவு மட்டும் நீட்டிவைத்தே சீவுக. இவ்விதிக்கு விலக்கு இல்லை. ரௌட்டர் ஓடும்போது ரம்பத் தட்டு மேசைக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும் என்பதும், பிட் மாற்றும்போது மின்செருகியைப் பிடுங்கிவிட வேண்டும் என்பதும் சொல்லாமலே விளங்கும்.

சட்டத்தின் அளவுகோல் ரம்பத் தட்டிலிருந்து கணக்கிடப்பட்டது. ரௌட்டருக்கு அதனை நம்பலாகாது. பிட்டைக் கையால் சுழற்றி, வெட்டுமுனை மிகவும் நீண்டு நிற்கும் இடத்திலிருந்து அளந்துகொள்க. நுண்ணிய மாற்றத்துக்கு மலிவான வழி உண்டு. சட்டத்தின் பின்னே ஒரு மரக்கட்டையை மேசையோடு இறுக்கி, அதில் 6 மி.மீ. போல்ட் ஒன்றைச் சட்டத்தைத் தொடுமாறு செலுத்துங்கள். அதன் மரை 1 மி.மீ. இடைவெளி கொண்டது. ஒரு முழுச் சுற்றுக்குச் சட்டம் 1 மி.மீ. நகரும், கால் சுற்றுக்கு கால் மி.மீ.

இத்துணை நுட்பம் எதற்கு எனச் சிலர் வினவலாம். தறியில் அச்சைத் தாங்கும் மரத்தின் காடியை எடுத்துக்கொள்வோம். காடி ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் குறுகியும் இருந்தால் அச்சு ஆடும். ஊடை ஒரே சீராக அடிபடாது. குறை துணியில் தெரியும். தேனீப் பெட்டியிலோ கணக்கு இன்னும் கண்டிப்பானது. சட்டங்களுக்கும் சுவருக்கும் இடையே ஏறத்தாழ 3/8 அங்குலம் விட்டால் ஈக்கள் அதனை நடைவழியாகவே விட்டுவைக்கும் என்பதை அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத் 1851இல் பயன்படுத்தக் கண்டார். மிகுந்தால் அங்கும் அடை கட்டும். குறைந்தால் ஈ நுழையாது. நம் நாட்டுத் தேனீ உருவிற் சிறியது. அதற்கு இடைவெளியும் சிறிதே. தென்னிந்தியாவில் வழங்கும் நியூட்டன் பெட்டி அதற்கென அமைந்ததே. சட்டங்களின் காதுகள் உட்காரும் காடி ஆழம் தவறினால், மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் இடையிலுள்ள வழி கெட்டுப்போகும். எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே அமைப்பில், இடையே சட்டத்தை அசைக்காமல் காடி வெட்டி முடிப்பதே உத்தமம். ஒரு பெட்டியின் சட்டம் மற்றொன்றில் பொருந்தாவிடில் வளர்ப்போருக்கு ஏற்படும் தொல்லை சொல்லி முடியாது.

ஆழக் காடியை ஒரே ஓட்டத்தில் வெட்ட வேண்டா. ஓட்டம் ஒன்றுக்கு 3 முதல் 5 மி.மீ. போதும். வேகத்தையும் பிட்டின் பருமனுக்கேற்பக் குறைத்தல் வேண்டும். 50 மி.மீ. விட்டமுள்ள பிட்டை நிமிடத்துக்கு 22,000 சுற்றில் ஓட்டினால் அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 58 மீட்டர் ஓடும். 12,000 சுற்றில் அது 31 மீட்டராகக் குறையும். பெரிய பிட்டுக்குப் பின்னதே தகும். வாங்கும்போது தண்டின் அளவையும் பாருங்கள். 12 மி.மீ. தண்டும் அரை அங்குலத் தண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் பின்னது 12.7 மி.மீ. பிடி மாறினால் பிட் ஓடும்போதே நழுவும்.

வேலை முடிந்து ரம்பத்துக்குத் திரும்புங்கால், பின்முனைக் கிளாம்ப்பைக் கழற்றி, சட்டம் தட்டுக்கு இணையாக உள்ளதா என்று முன்னும் பின்னும் ஒருமுறை அளந்து பார்த்த பின்னரே ரம்பத்தை ஓட்டுக.