நேர்காணல் படபடப்புக்கு மாத்திரை மருந்தல்ல

இடைவெளிக்குப் பின் வரும் பயம்

பல ஆண்டுகள் நேர்காணல் பக்கமே போகாதவர்கள் மறுபடி ஒரு தேர்வுக் குழுவின் முன் உட்கார நேரும்போது உடல் படும் பாடு பெரும்பாலும் ஒரே மாதிரியானது. முந்தின இரவு தூக்கம் வராது. காலையில் வயிற்றைக் கலக்கும். நாக்கு வறண்டு, கை நடுங்கி, நெஞ்சு படபடக்கும். புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்த நிலைக்கு ஆளாகிறவர்கள் பலர். அறந்தாங்கி, ஆலங்குடி, மணமேல்குடி பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய், பத்துப் பதினைந்து வருடம் கழித்து ஊர் திரும்பியவர்கள் உண்டு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் வேலை தேடும் பட்டதாரிப் பெண்களும், நாற்பதைத் தாண்டி வேலை இழந்தவர்களும் உண்டு. இவர்களில் பலர் மருத்துவரிடம் வருவது கடைசிக் கட்டத்தில்தான்: நேர்காணலுக்கு முந்தின நாள் மாலை, அல்லது யாரோ சொன்ன மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய்ப் பேச்சு குழறித் திரும்பிய பிறகு.

இந்தப் படபடப்பு கோழைத்தனம் அல்ல, நோயும் அல்ல. மன அழுத்தத்தை ஆராய்வதற்காக 1993-இல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையே ஒரு போலி நேர்காணல்தான். முகத்தில் எந்தச் சலனமும் காட்டாத குழுவின் முன் நின்று, ஒரு வேலைக்குத் தான் ஏன் பொருத்தம் என்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். அடுத்த ஐந்து நிமிடம் மனக்கணக்குப் போட வேண்டும். ஆரோக்கியமானவர்களுக்கே மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலின் அளவு இரண்டு முதல் நான்கு மடங்கு உயர்ந்தது. ஆய்வுக்கூடத்தில் ஒருவரைப் பதற வைக்க இன்றும் உலகம் முழுதும் இந்த முறை பரவலாகக் கையாளப்படுகிறது. அப்படியிருக்க, உண்மையான நேர்காணலில் உள்ளங்கை வியர்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடையில் வாங்கிப் போடும் மாத்திரைகள்

வெட்கத்தைவிடப் பெரிய கெடுதல் மெடிக்கல் ஷாப் வாசலில் தொடங்குகிறது. “பயத்துக்கு ஒரு மாத்திரை கொடுங்க” என்று கேட்டு வாங்கப்படுவது பல நேரம் அல்பிரசோலம். அது பதற்றத்தைத் தணிக்கும், உண்மைதான். கூடவே நினைவையும் பேச்சையும் மந்தமாக்கும். படித்தது நினைவில் வர வேண்டிய அந்த அரை மணி நேரத்தில் நினைவை மழுக்கும் மருந்தைப் போடுவதில் என்ன நியாயம்? சில வாரம் தொடர்ந்து போட்டால் உடல் அதற்கு அடிமையாகும். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரவும் கூடும். அதனால்தான் அது அட்டவணை எச்1 மருந்துகளில் சேர்க்கப்பட்டிருக்கிறது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்பது சட்டப்படி குற்றம். வளைகுடாவுக்கு மறுபடி கிளம்புகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் அது கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்து. உரிய அனுமதியின்றிப் பெட்டியில் கொண்டுபோனால் வழக்கில் மாட்ட நேரும்.

மேடைப் பயத்துக்கு நல்லது என்று கைமாறும் இன்னொன்று புரோப்ரனலால். நடுக்கத்தையும் படபடப்பையும் அது குறைக்கும் என்பதில் பொய்யில்லை. ஆனால் ஆஸ்துமா உள்ளவர் போட்டால் மூச்சுக்குழல் இறுகி உயிருக்கே ஆபத்தாகலாம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கோ, சர்க்கரை தாழ்வதைக் காட்டும் படபடப்பையும் நடுக்கத்தையும் அது மறைத்துவிடும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்டது என்பதற்காக அவருடைய அட்டையிலிருந்து ஒன்றைக் கிள்ளிப் போடுவது எந்த வகையிலும் சரியல்ல. தூக்கத்துக்காகச் சளி, அரிப்பு மாத்திரைகளைப் போடும் வழக்கமும் இருக்கிறது. அவில் போன்றவற்றின் மயக்கம் மறுநாள் காலை வரை நீடிக்கும்.

கைவைத்தியமும் கட்டுக்கதைகளும்

பாலில் ஜாதிக்காய் உரைத்துக் குடித்தால் தூக்கம் வரும் என்பது வீடுகளில் பழக்கமான வைத்தியம். உணவில் சேரும் சிட்டிகை அளவு தொந்தரவு செய்யாது. தூக்கம் வரவில்லையே என்று முழுக்காயைப் பொடித்துக் குடிக்கும்போதுதான் வினை. நெஞ்சுப் படபடப்பு, வாய் வறட்சி, குழப்பம், சிலருக்கு இல்லாதது தெரிவது வரை போகும். தெளிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். எந்தப் படபடப்புக்குப் பயந்து குடித்தார்களோ அதுவே இரட்டிப்பாகும்.

‘ஒரு கட்டிங் போட்டால் தைரியம் வரும்’ என்பது அடுத்த பொய். முந்தின இரவு குடிக்கும் மது சீக்கிரம் தூங்க வைத்து, பின்னிரவில் எழுப்பிவிடும்; காலையில் நடுக்கம் கூடும்.

இரவு முழுக்க விழித்துப் படிப்பதும் உதவாது. தொடர்ந்து 17 முதல் 19 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், இரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவருடையதைப் போலக் குறைகின்றன என்று 2000-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இரவு ரயிலில் உட்கார்ந்தபடி சென்னைக்குப் போய், எழும்பூரில் முகம் கழுவிவிட்டு நேராக நேர்காணலுக்குப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். முடிந்தவர்கள் ஒரு நாள் முன்னதாகவே போய்த் தங்குவது நல்லது. தூக்கக் கலக்கத்தைக் காப்பியும் எனர்ஜி பானமும் சரிக்கட்டும் என்பதும் தவறு. காபீன் கூடினால் கை நடுக்கமும் கூடும்.

மிக ஆபத்தானது வெறும் வயிறு. விடியற்காலையில் திருச்சி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் எல்லாம் வரும். பார்ப்பவர்களும் அவரும் அதைப் பயம் என்றே நினைப்பார்கள். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இதற்கு நேரெதிராக, ‘இன்று ஒரு நாள்தானே’ என்று இரத்த அழுத்த மாத்திரையை விடுகிறவர்களும் உண்டு. அழுத்தம் எகிறக்கூடிய நாளில் அதற்குரிய மாத்திரையை நிறுத்துவது அறிவீனம்.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது

நேர்காணல் முடிந்தும் வாரக்கணக்கில் படபடப்பு நீடித்தால், எடை குறைந்தால், மாடி ஏறினாலே மூச்சு வாங்கினால் காரணம் வேறாக இருக்கலாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை உண்டு. ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, இரத்த அழுத்தம், தேவைப்பட்டால் ஈசிஜி பார்த்தால் போதும். நெஞ்சுவலி வந்தால் பயம் என்று ஒதுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒத்திகை என்னும் மருந்து

ட்ரியர் முறையிலான போலி நேர்காணலை அதே ஆட்களுக்குப் பல நாள் திரும்பத் திரும்ப நடத்தியும் பார்த்தார்கள். முதல் நாளுக்குப் பின் பெரும்பாலோருக்குக் கார்ட்டிசால் எகிறுவது அடங்கிவிட்டது. சிலருக்கு மட்டும் அடங்கவில்லை. நீண்ட இடைவெளிக்குப் பின் வரும் பயத்துக்கான சிகிச்சை இதிலேயே இருக்கிறது. குறைந்தது மூன்று வாரம் முன்பே தொடங்கி வாய்விட்டுப் பேசிப் பழக வேண்டும். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது போதாது. முதலில் தனியாக, பிறகு வீட்டாரிடம், கடைசியில் அதிகம் பழகாத இரண்டு பேரை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்து. ‘இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்?’ என்ற கேள்விதான் பலரை உலுக்குகிறது. பிள்ளை வளர்ப்பு, மாமனாரைப் பார்த்துக்கொண்டது, வெளிநாட்டு வேலை என எதுவாயினும் உண்மையை இரண்டே வாக்கியத்தில், மன்னிப்புக் கேட்கும் தொனியில்லாமல் சொல்லிப் பழகினால் பாதிப் பயம் போய்விடும். செல்போனில் நடக்கும் நேர்காணலுக்குக் கேமராவைப் பார்த்துப் பேசும் பழக்கம் தனியாக வேண்டும்.

பழக்கத்தால் பயம் போகும் என்பதைப் புதுக்கோட்டைக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், இம்மாவட்டத்தின் கிராமத்துப் பெண்கள் ஒரு லட்சம் பேர் வரை சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கேலியையும் கீழே விழுவதையும் தாங்கி, தெருவில் ஓட்டி ஓட்டித்தான் கற்றார்கள்.

உதவி கிடைக்கும் இடங்கள்

ஒத்திகை செய்தும் அடங்காத அந்தச் சிலர் தங்களைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாகவும், 2017-இல் தொடங்கப்பட்ட புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். மாத்திரை தேவையென்றால் எது, எவ்வளவு, எத்தனை நாள் என்று அவர் சொல்லட்டும். நிராகரிப்புகள் சேர்ந்து, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணை அழைக்க வேண்டும். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள்: கிளம்புகிறவரிடம் “இதையாவது விட்டுவிடாதே” என்று சொல்லாதீர்கள். நேரத்துக்கு இரண்டு இட்லி கொடுத்து, எடுக்க வேண்டிய மாத்திரையை எடுத்தாரா என்று மட்டும் கேளுங்கள்.