ஐந்து சின்னப்பா, ஒரே கச்சேரி!

பாடுகிறவர் சின்னப்பா. பக்கவாத்தியக்காரர்கள்? அவர்களும் சின்னப்பாவேதான்! 1944-இல் வந்த ‘ஜகதலப்பிரதாபன்’ படத்தின் பாட்டுக் காட்சியில் ஐந்து பி.யு. சின்னப்பாக்கள் சேர்ந்து ஒரு கச்சேரியே நடத்திவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத காலம். எப்படி எடுத்திருப்பார்கள் என்று யோசிக்கத் தொடங்கினால் ராத்தூக்கம் போய்விடும். வாருங்கள், மெல்ல கேமராவுக்குப் பின்னால் போய் நிற்போம்!

அந்தக் காலத்து ஒளிப்பதிவாளர்களின் வித்தை இதுதான். லென்ஸின் ஒரு பகுதியை மட்டும் திறந்துவைத்து, மீதியைக் கறுப்பு அட்டையால் மறைத்துவிடுவார்கள். நடிகர் ஓர் ஓரத்தில் நின்று நடித்து முடிப்பார். பிறகு ஃபிலிம் சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, முன்பு மறைத்த இடத்தைத் திறந்து, எடுத்த இடத்தை மூடி, வேறு உடுப்பில் வந்து நிற்கும் அதே நடிகரை அதே ஃபிலிமிலேயே மறுபடி பிடிப்பார்கள். இடையில் கேமரா மயிரிழைகூட அசையக் கூடாது. இரட்டை வேடத்துக்கு இரண்டு முறை. ஐந்து பேருக்கு? நான்கு முறை அற்புதமாக வந்து ஐந்தாவதில் தாளம் தப்பினால் அத்தனையும் குப்பைக்கு! அடுத்து யார் எங்கே இருப்பார், எப்போது தலையாட்டுவார் என்று மனசுக்குள் கணக்கு வைத்துக்கொண்டு, வெற்றிடத்தைப் பார்த்துப் புன்னகைக்க வேண்டும். திரையில் அந்தப் புன்னகையில் ஒரு பதற்றமும் தெரியாது. எனக்கு மயக்கமே அந்த அலட்டாத அழகில்தான்.

அந்த அழகு எங்கே விளைந்தது என்று தேடினால் புதுக்கோட்டைக்குத்தான் வர வேண்டும். ‘பி.யு.’ என்றால் புதுக்கோட்டை உலகநாதன். அப்பா உலகநாத பிள்ளை நாடக நடிகர். 1916-இல் பிறந்த பிள்ளை, பள்ளிக்கூடத்தை விட மேடையைத்தான் நன்றாக அறிந்தது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தபோது மாதச் சம்பளம் 15 ரூபாய் என்றும், பையன் பாடுவதைக் கேட்ட முதலாளி அதை 75 ரூபாயாக்கினார் என்றும் சொல்வார்கள். அதே கம்பெனியில் இன்னொரு சிறுவனும் வேஷம் கட்டிக்கொண்டிருந்தான். பின்னாளில் நாம் எம்.ஜி.ஆர். என்று கொண்டாடியவர்!

பாய்ஸ் கம்பெனியின் திரைச்சீலைக்குப் பின்னால் நடந்ததுதான் உண்மையான நாடகம். பாட்டும் வசனமும் மனப்பாடமாக வேண்டும், தவறினால் வாத்தியாரின் கை பேசும். மைக் கிடையாது. கடைசி வரிசை தரை டிக்கெட்டுக்கும் குரல் போய்ச் சேர வேண்டும். இதற்கெல்லாம் மேலே ஒவ்வொரு பையனும் நடுங்கிய ஒன்று உண்டு. மகரக்கட்டு! குரல் உடையும் அந்தப் பருவம் சின்னப்பாவையும் விடவில்லை. நேற்று வரை ‘ஒன்ஸ்மோர்’ வாங்கிய தொண்டை இன்று கரகரக்கிறது. இன்னொருவராக இருந்தால் ஊரோடு ஒதுங்கியிருப்பார். இவரோ சிலம்பம், குஸ்தி, பளு தூக்குதல் என்று உடம்பைக் கையில் எடுத்துக்கொண்டார். சங்கீதத்தையும் விடாமல் பயின்றார். பிற்பாடு திரையில் அவர் வாளைச் சுழற்றியபோது பார்த்தவர்கள் வாய் பிளந்தார்களே, அந்தக் கை கோதாவில் பழகிய கை.

1936-இல் ஜூபிடர் பட நிறுவனத்தின் ‘சந்திரகாந்தா’வில் சுண்டூர் இளவரசனாகத் திரைக்கு வந்தார். அடுத்தடுத்த சில படங்கள் ஓடவில்லை. வாய்ப்பு வறண்ட அந்த நாட்களில் அவர் 40 நாள் மௌன விரதம் இருந்ததாக எழுதிவைத்திருக்கிறார்கள். குரலால் பிழைப்பவர் பேச்சையே நிறுத்திக்கொள்வதென்றால் எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! பிறகு அழைப்பு வந்தது, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரத்திடமிருந்து. 1940-இல் ‘உத்தமபுத்திரன்’. தமிழ்த் திரையின் முதல் இரட்டை வேடம்! கொடுங்கோல் மன்னனும் அவரே, நல்ல தம்பியும் அவரே. பிரெஞ்சு எழுத்தாளர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதை, புதுக்கோட்டைக்காரர் முகத்தில் இரண்டு பிறவி எடுத்தது.

அதற்குப் பிறகு தடுக்க ஆளில்லை. 1942-இல் மட்டும் ‘கண்ணகி’, ‘மனோன்மணி’, ‘பிருதிவிராஜன்’. கண்ணாம்பா கண்ணகியாகப் பொங்கியெழ, எதிரில் கோவலனாக நின்று பாட்டாலும் வசனகர்த்தா இளங்கோவனின் வசனத்தாலும் ஈடு கொடுத்தாரே, அதுதான் நடிப்பு. ‘பிருதிவிராஜன்’ விஷயம் இன்னும் இனிப்பு. அதில் ஜோடியாக நடித்த ஏ. சகுந்தலாவையே 1944-இல் கைப்பிடித்தார்! போட்டி நாயகர் எம்.கே. தியாகராஜ பாகவதரின் ரசிகர்களும் இவருடைய ரசிகர்களும் மோதிக்கொண்டது தனிக் கதை. ‘தவநடிக பூபதி’ என்று பட்டம் சூட்டி ஆனந்தப்பட்டார்கள் இவர் பக்கத்துக்காரர்கள்.

பணம் வந்ததும் என்ன செய்தார் தெரியுமா? ஊருக்கு வந்து வீடு வாங்கினார். இன்னொரு வீடு. மறுபடி ஒன்று. ஊரை ஆண்ட சமஸ்தானமே திகைத்து, சின்னப்பா இனி இங்கே வீடு வாங்கக் கூடாது என்று தடை போட்டதாகப் புதுக்கோட்டையில் இன்றும் சொல்கிறார்கள். ராஜ வீதிகளில் நடக்கும்போது எந்தப் பழைய வீட்டைப் பார்த்தாலும், ‘இது அவருடையதாக இருந்திருக்குமோ’ என்று மனசு துள்ளுகிறது.

1949-இல் ‘மங்கையர்க்கரசி’யில் தகப்பன், மகன், பேரன் என்று மூன்று தலைமுறையாகவும் அவரே வந்தார். 1951 செப்டம்பரில் போய்விட்டார். வயது 35.

ஆனால் இந்த ஊர் மண்ணுக்கு வேடம் மாற்றும் ஆசை தீரவில்லை போலும். 1953-இல் ‘மனம்போல மாங்கல்யம்’ படத்தில் இரட்டை வேடமிட்டு ஒரு புது நாயகன் எழுந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர், குரலை உயர்த்தாமலே காதல் சொல்லத் தெரிந்தவர், ஜெமினி கணேசன். அவரும் புதுக்கோட்டையில் பிறந்தவர்தான்! 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. அதே ஆண்டு கே. பாலசந்தர் இயக்கத்தில், தானே தயாரித்த ‘நான் அவனில்லை’யில் கணேசன் ஒன்பது தோற்றங்களில் வந்து நின்றார்.