ஜப்பானுக்கு முதல் பயணம்: பாதையை எப்படிப் போடுவது?

ஜப்பான் பயணத் திட்டத்தில் பாதி, விமான டிக்கெட் எடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர், பாங்காக், கோலாலம்பூர் என்று எந்த வழியாகப் போனாலும், பலரும் டோக்கியோவுக்குப் போக-வர டிக்கெட் எடுத்த பிறகுதான் மற்றதை யோசிக்கத் தொடங்குகிறார்கள். பிறகு கியோட்டோ, நாரா, ஒசாகா என்று மேற்கே நகர்ந்துகொண்டே போய், ஊர் திரும்புவதற்காகவே மறுபடியும் டோக்கியோவுக்கு வர வேண்டியிருக்கிறது. டோக்கியோவில் இறங்கி, ஒசாகாவை அடுத்த கான்சாய் விமான நிலையத்தில் திரும்பி ஏறுவதாக டிக்கெட் எடுத்தால் இந்த அலைச்சலே இல்லை. விமான நிறுவனங்களின் இணையதளங்களில் ‘மல்டி சிட்டி’ என்ற இடத்தில் தேடினால் இது கிடைக்கும். கட்டணம் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தாலும் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். டோக்கியோ திரும்ப ஆகும் புல்லட் ரயில் கட்டணம் ஆளுக்குச் சுமார் 14,000 யென். அதையும், ரயிலில் போகும் அரை நாளையும் கணக்கில் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

டோக்கியோ போக-வர டிக்கெட்தான் கிடைத்தது என்றால், வரிசையை மாற்றிக்கொள்ளலாம். காலையில் வந்து இறங்கும் விமானமாக இருந்தால் அன்றே நேராகக் கியோட்டோவுக்கு ரயில் ஏறிவிடுங்கள். டோக்கியோவைக் கடைசியில் வைத்துக்கொண்டால், ஊர் திரும்பும் நாளில் நெடுந்தூர ரயிலை நம்பி விமானத்தைப் பிடிக்க வேண்டியிருக்காது. கடைகளில் வாங்கிய சுமையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலையவும் வேண்டாம்.

டோக்கியோ, ஹகோனே, கியோட்டோ, ஒசாகா என்று போகும் இந்தப் பாதையைச் சுற்றுலாத் துறையினர் ‘கோல்டன் ரூட்’ என்கிறார்கள். எல்லோரும் போகும் வழி, கூட்டம் அதிகம், இதைத் தவிருங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. முதல் பயணத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஜப்பானின் வரலாறே இந்தக் கோட்டில்தான் நடந்திருக்கிறது. 794-லிருந்து ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பேரரசர் இருந்த ஊர் கியோட்டோ. 1603-லிருந்து தொகுகவா ஷோகன்கள் ஆட்சி நடத்தியது எதோ என்ற ஊரில். இன்றைய டோக்கியோ அதுதான். இரண்டையும் இணைத்தது தொகாய்தோ நெடுஞ்சாலை. ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தூரத்துக்கு, வழியில் 53 தங்கல் ஊர்கள். நடந்து போகிறவர்களுக்கு இரண்டு வாரம் பிடித்தது. 1964 அக்டோபர் 1 அன்று, டோக்கியோ ஒலிம்பிக் தொடங்க ஒன்பது நாள் இருக்கும்போது, உலகின் முதல் புல்லட் ரயில் பாதை ஏறக்குறைய அதே வழித்தடத்தில் திறக்கப்பட்டது. இன்று டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு நோசோமி ரயிலில் இரண்டேகால் மணி நேரம்தான்.

இரவுகளை எண்ணுங்கள்

எத்தனை நாள் என்று கணக்குப் போடாமல், எந்த ஊரில் எத்தனை இரவு என்று கணக்குப் போடுவதுதான் சரி. பத்து இரவுகள் இருந்தால் டோக்கியோவில் நான்கு, ஹகோனேயில் ஒன்று, கியோட்டோவில் நான்கு, ஒசாகாவில் ஒன்று என்று பிரிக்கலாம். ஏழு இரவுகள்தான் என்றால் ஹகோனேயை விட்டுவிட்டு, டோக்கியோவில் மூன்று, கியோட்டோவில் நான்கு. அதற்கும் குறைவான விடுமுறை என்றால் ஒரே நகரத்தைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

இவ்வளவு கறாராகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஜப்பானில் விடுதி மாறும் ஒவ்வொரு முறையும் அரை நாள் போகிறது. காலை பத்து, பதினொரு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த விடுதியில் அறைச்சாவி கிடைப்பது மூன்று மணிக்கு. நடுவில் பெட்டி கட்டுவது, ரயில் நிலையம் போவது, ஷின்ஜுகு மாதிரியான பெரிய நிலையத்தில் சரியான வாசலையும் லிஃப்ட்டையும் கண்டுபிடிப்பது, இறங்கிய ஊரில் காலியான லாக்கர் தேடுவது. ரயில் பயணம் இரண்டு மணி நேரம்தானே என்று நினைத்து, அன்று மதியத்துக்கு இரண்டு கோயில்களை எழுதி வைப்பவர்கள் அவற்றைப் பார்ப்பதில்லை. பல கோயில்களில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் கதவடைத்துவிடுவார்கள்.

பெட்டி விஷயத்துக்கு ஜப்பானியர்களிடமே நல்ல வழி இருக்கிறது. ‘தக்கியூபின்’ என்ற பார்சல் சேவையில், டோக்கியோ விடுதியின் வரவேற்பு மேஜையில் பெட்டியைக் கொடுத்தால் பெரும்பாலும் மறுநாள் கியோட்டோ விடுதிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நடுவில் ஹகோனேயில் ஓர் இரவு தங்குகிறவர்கள் ஒரு தோள்பையோடு போகலாம். ரயிலிலேயே கொண்டுபோவதானால் ஒரு விதி உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிகளுக்கு, டோக்கியோ–ஒசாகா புல்லட் ரயிலில் அதற்கென்று உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். செய்யாமல் ஏறினால் 1,000 யென் கட்ட வேண்டிவரும். நம் வீடுகளில் இருக்கும் பெரிய சூட்கேஸ்கள் பலவும் இந்த அளவை ஒட்டியோ தாண்டியோதான் இருக்கும். கிளம்பும் முன் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

டோக்கியோவில் யமனோத்தே வட்ட ரயில் பாதையின் 30 நிலையங்களில் ஏதாவது ஒன்றிலிருந்து நடந்து போகும் தூரத்தில் தங்கினால் போதும். அசகுசா கோயில், உவேனோ அருங்காட்சியகங்கள், அகிஹபாரா எல்லாம் கிழக்கே. ஷிபுயா, ஹராஜுகு, மெய்ஜி ஆலயம், ஷின்ஜுகு எல்லாம் மேற்கே. ஒரு நாள் ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹகோனேயை நான் சேர்க்கச் சொல்வது, அது வழியிலேயே இருப்பதால். புல்லட் ரயில் நிற்கும் ஒதவாராவில் இறங்கி மலையேறினால், வளைந்து வளைந்து ஏறும் மலை ரயில், கேபிள் கார், கந்தகப் புகை கிளம்பும் ஓவாகுதானியின் மேலே போகும் ரோப்வே, அஷி ஏரியில் படகு என்று ஒரு சுற்று வரலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பாஸ் விற்கிறார்கள். ஏரிக்கரையில் ஷோகன் காலத்துச் சோதனைச் சாவடியை மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். எதோவிலிருந்து வெளியேறும் பெண்களை அங்கே நிறுத்தித் துருவித் துருவி விசாரித்திருக்கிறார்கள். தலைநகரில் பிணையாக வைக்கப்பட்டிருந்த பிரபுக்களின் மனைவிமார் தப்பிவிடக் கூடாது என்பதற்காக. பாரம்பரிய வெந்நீர் ஊற்று விடுதியில் தங்கினால் இரவுச் சாப்பாடு குறித்த நேரத்தில் பரிமாறப்படும். பிந்திப் போனால் சாப்பாடு போய்விடும், ஆகவே ஐந்து மணிக்குள் போய்ச் சேருங்கள். மறுநாள் ஒதவாராவிலிருந்து கியோட்டோவுக்கு நேராகப் போகும் ஹிகாரி ரயில்கள் சிலவே உள்ளன. அந்த நேரம் ஒத்துவராவிட்டால் நகோயாவில் மாறிக்கொள்ளலாம். டோக்கியோவிலிருந்து நேரே கியோட்டோ போகிறவர்கள் வலப்பக்க ஜன்னலோரத்து ‘இ’ இருக்கையைக் கேளுங்கள். வானம் தெளிவாக இருந்தால் கிளம்பி முக்கால் மணி நேரத்தில் 3,776 மீட்டர் ஃபுஜி மலை தெரியும். அதற்குக் குளிர்காலம்தான் நம்பகமானது. கோடையில் பெரும்பாலும் மேகம் மறைத்துவிடும்.

கியோட்டோவைத் திசை பிரித்துப் பாருங்கள்

கியோட்டோ மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஊர். புகழ்பெற்ற கோயில்கள் பலவும் மலையடிவாரத்தை ஒட்டி, ஊரின் விளிம்பில் இருக்கின்றன. காலையில் மேற்கே அராஷியாமா மூங்கில் தோப்பு, மதியம் கிழக்கே கியோமிஸு கோயில், மாலையில் வடமேற்கே பொற்கோயில் என்று போட்டால் அன்றைய பொழுது நெரிசல் பேருந்திலேயே கழிந்துவிடும்.

கிழக்குக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். கியோமிஸு கோயில் காலை ஆறு மணிக்கே திறந்துவிடுகிறது. மலைச்சரிவில் 13 மீட்டர் உயர மரத்தூண்கள்மேல், ஆணி அடிக்காமல் மரத்தோடு மரம் பொருத்தி 1633-இல் எழுப்பிய மேடை அங்கே நிற்கிறது. அந்த நேரத்தில் வந்திருப்பவர்களில் உள்ளூர்க்காரர்களும் உண்டு, தினமும் கும்பிட வருகிறவர்கள். பார்த்துவிட்டுக் கீழே சன்னென்சாகா கல்படிகளில் இறங்கினால் இருபுறமும் மர வீடுகள், கதவு சாத்திய கடைகள். பத்து மணிக்கு அதே படிகளில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. அப்படியே யாசகா ஆலயம், கியோன் தெரு என்று நடந்து முடிக்கலாம், பேருந்தே தேவையில்லை.

தெற்கே ஃபுஷிமி இனாரி. கியோட்டோ நிலையத்திலிருந்து நாரா போகும் ரயிலில் இரண்டாவது நிறுத்தம். கட்டணம் இல்லை, இரவு பகலாகத் திறந்தே இருக்கும். மலை உச்சிவரை வரிசையாக ஆயிரக்கணக்கான செந்நிறத் தோரண வாயில்கள். ஏறும்போது தூண்களில் எழுத்து எதுவும் தெரியாது. இறங்கும்போதுதான் ஒவ்வொன்றின் பின்பக்கமும் அதைக் காணிக்கையாகக் கொடுத்த வணிகர் பெயரும் தேதியும் கறுப்பில் வெட்டியிருப்பது கண்ணில் படும். விடியற்காலையில் இதைப் பார்த்துவிட்டு அதே ரயில் பாதையில் நாராவுக்குப் போய்விடலாம். அங்கே தோதாய்ஜி கோயிலில் சுமார் 15 மீட்டர் உயர வெண்கலப் புத்தர். 752-இல் அந்தச் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கைச் செய்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. இந்தியாவிலிருந்து போகிறவர்கள் அந்த மண்டபத்தில் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கலாம்.

ஒசாகா, கியோட்டோவிலிருந்து சாதாரண விரைவு ரயிலில் அரை மணி நேரம். அதற்காகப் பல இரவுகள் ஒதுக்கத் தேவையில்லை. கடைசி இரவை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளுங்கள். புயல் காலத்தில் ரயில்களை முன்கூட்டியே அறிவித்து நிறுத்திவிடுவார்கள் என்பதால், திரும்பி விமானம் ஏறும் ஊருக்கு முந்தின நாளே வந்துவிடுவது நிம்மதி.

ஹிரோஷிமாவைப் பலர் கியோட்டோவிலிருந்து ஒரே நாளில் போய்வருகிறார்கள். புல்லட் ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம் என்பதால் முடியும். ஆனாலும் அங்கே ஓர் இரவு தங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கியோட்டோ இரவுகளில் ஒன்றைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. அமைதி நினைவு அருங்காட்சியகத்தில், 1945 ஆகஸ்ட் 6 காலை அணுகுண்டில் எரிந்துபோன குழந்தைகளின் சட்டைகளையும் சாப்பாட்டு டப்பாக்களையும் பார்த்த கையோடு, மியாஜிமா தீவுக்குப் படகைப் பிடிக்க ஓடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மதியம் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, மியாஜிமாவை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கடலுக்குள் நிற்கும் தோரணத்தைக் கடல் ஏற்றத்தின்போது நீரில் மிதப்பதுபோலப் பார்க்கலாம், வற்றத்தின்போது நடந்தே கிட்டே போகலாம். அன்றைய ஏற்ற-வற்ற நேரம் இணையத்தில் கிடைக்கிறது.

ஏற்கெனவே சொன்ன பத்து இரவுகளுக்கு மேல் இருப்பவர்கள், திரும்பும் வழியாக இல்லாமல் போகும் வழியாகவே வடக்கே வளையலாம். டோக்கியோவிலிருந்து கனசாவா புல்லட் ரயிலில் இரண்டரை மணி நேரம். 2024 மார்ச்சில் அந்தப் பாதை சுருகாவரை நீண்டிருக்கிறது. அங்கே ரயில் மாறிக் கியோட்டோ வந்துவிடலாம். ஹொக்கைதோவும் ஒகினாவாவும் இன்னொரு பயணத்துக்கு.

பாஸ், பருவம், சாப்பாடு

‘ஜே.ஆர். பாஸ்’ என்ற ரயில் பாஸை எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லும் பழைய பயணக் குறிப்புகளை இப்போது நம்ப வேண்டாம். ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்தபோது, டோக்கியோ–கியோட்டோ போய்வந்தாலே ஏறக்குறைய காசு கட்டியாகிவிடும். 2023 அக்டோபரில் அது 50,000 யென் ஆனது. ஒருவழிப் பாதையில் டோக்கியோ–கியோட்டோ 14,000, அங்கிருந்து ஹிரோஷிமா போய் ஒசாகா திரும்ப ஏறக்குறைய 22,000, ஆக மொத்தம் 36,000 யென். தனித்தனி டிக்கெட்டே மலிவு. பாஸ் வைத்திருப்பவர்கள் அதிவேக நோசோமியில் ஏற வேண்டுமானால் அதற்கும் தனியாகக் கட்ட வேண்டும். நகரத்துக்குள் சுயிகா அல்லது இகோகா கட்டண அட்டை போதும்.

ஏப்ரல் 29 முதல் மே 5 வரை பல விடுமுறைகள் நெருக்கமாக வரும் ‘கோல்டன் வீக்’, ஆகஸ்ட் நடுவில் முன்னோர் வழிபாட்டு நாட்கள், புத்தாண்டு, இந்த மூன்றிலும் ஜப்பானே ஊர் போய்க்கொண்டிருக்கும். அந்நாட்களில் நோசோமியில் முன்பதிவில்லாத பெட்டியே கிடையாது. நம் பள்ளி விடுமுறையை ஒட்டிப் போகிறவர்கள் மே 6-க்குப் பிறகு கிளம்பினால் கூட்டமும் குறையும், வாடகையும் இறங்கும். ஜூனில் மழை பிடித்துக்கொள்ளும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மிசோ சூப், ஊடோன் நூடுல்ஸ் எதிலும் அடிச்சாறு ‘தாஷி’. நம் கடற்கரை ஊர்களில் மாசி என்று சொல்லும் கருவாட்டைப் போலவே, சூரை மீனை உலர்த்திச் சீவி அதில் போடுவார்கள், கண்ணுக்குத் தெரியாது. கியோட்டோவில் புத்த மடங்களின் ‘ஷோஜின்’ சமையல் முழுச் சைவம். டோக்கியோவில் நிஷி-கசாய் பகுதியில் இந்தியக் குடும்பங்கள் நிறைய வசிப்பதால் தென்னிந்தியச் சாப்பாடு கிடைக்கும். ஹகோனே விடுதியில் சைவம் வேண்டுமென்றால் அறை பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். போய் இறங்கிய பிறகு கேட்டால் அவர்களால் மாற்றிச் செய்துதர முடியாது.

இத்தனை திட்டத்தையும் எப்படியும் எழுத்தில் போட்டாக வேண்டும். விசா விண்ணப்பத்தில், எந்தத் தேதியில் எங்கே, எந்த விடுதியில் என்று நாள்வாரியான பயண நிரலைக் கேட்கிறார்கள். ஆகவே பாதையை முடிவுசெய்து, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறைகளைப் பதிவு செய்துவிட்டு விசாவுக்குக் கொடுங்கள். விசா வந்த பிறகு, பயண நாளுக்கு ஒரு மாதம் முன்பு காலை பத்து மணிக்குப் புல்லட் ரயில் டிக்கெட் விற்பனை தொடங்கும். இந்தியாவில் வசிப்பவர்களுக்கு 2024-லிருந்து இ-விசா தருகிறார்கள். அதை விமான நிலையத்தில் இணையத் தொடர்போடு கைபேசித் திரையில் திறந்து காட்ட வேண்டும். அச்செடுத்த தாளையோ ஸ்கிரீன்ஷாட்டையோ ஏற்க மாட்டார்கள் என்பதால், அங்கே இறங்கியதும் வேலைசெய்யும் சிம்மையோ இ-சிம்மையோ இங்கேயே வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.