உங்களுக்குத் தெரியுமா? கைதிகள் உருவாக்கிய ஊர்
பேட்மேன் கதைகளில் வரும் காத்தம் நகரில் குற்றம் ஓயாததற்குத் திருடர்கள் மட்டும் காரணமல்ல. போலீசும் நீதிபதிகளும் மாஃபியாவின் கைக்குள் இருப்பதும்தான். அது குற்றத்தால் சீரழிந்த கற்பனை ஊர்; அந்தமானின் போர்ட் பிளேரோ கைதிகளாலேயே உண்டான நிஜ ஊர்! 1858 மார்ச்சில் கப்பலில் வந்திறங்கிய முதல் 200 பேர் காடு வெட்டத் தொடங்கினார்கள். கொடுமைக்கும் அங்கே குறைவில்லை. செல்லுலார் சிறையில் எண்ணெய்ச் செக்கை மாட்டுக்குப் பதில் மனிதர்களே இழுத்தார்கள். ஆனாலும் நன்னடத்தைக் கைதிகளுக்கு ஒரு கதவு திறந்தது: உழ நிலம், சொந்த மாடு, பெண் கைதியோடு கல்யாணம். கொலைக்குற்றத்தில் வந்தவர்கூட விவசாயியாகிக் குடும்பம் நடத்தினார். எவ்வளவு பெரிய மாற்றம் இது! அவர்களின் வழித்தோன்றல்களை அந்தமானில் இன்றும் 'லோக்கல் பார்ன்' என்கிறார்கள். ஊருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்.