பனி வருமுன் கணக்கு முடியவேண்டும்

ஐரோப்பாவுக்கு வந்த புதிதில் எம்மவர் பலர் வானிலை அறிக்கையைக் கவனிப்பதில்லை. முதல் பனிக்காலம் கழிந்ததும் அது மாறிவிடும். விடிய நாலு மணிக்கு வேலைக்குப் போகிறவருக்கு, வீதி உறைந்திருக்குமா என்பது பெரிய கேள்வி. இதை ஒரு கிழமைக்கு முன்பே எப்படிச் சொல்கிறார்கள்?

காற்று, வெப்பம், ஈரம் பற்றிய சமன்பாடுகளைக் கோடிக்கணக்கான தடவை கணக்கிட்டே சொல்கிறார்கள். ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து 1975இல் உருவாக்கிய வானிலை நிலையம் இங்கிலாந்தின் றெடிங் நகரில் இருக்கிறது. அது முதலில் சி.டி.சி. 6600 என்ற கணனியில் பரீட்சித்துப் பார்த்தது. 10 நாள் வானிலையைக் கணிக்க 12 நாட்கள் பிடித்தன! மழை விட்டபின் குடை வந்த கதைதான்.

அடுத்து வந்தது சீமோர் கிறே வடிவமைத்த கிறே-1. அதே வேலைக்கு அதற்கு ஏறக்குறைய 5 மணித்தியாலம் போதுமானதாயிருந்தது. 1979 ஓகஸ்ட் 1இல் முன்னறிவிப்புகள் முறையாக வெளிவரத் தொடங்கின.

கிறே-1இன் துடிப்பு பழைய கணனியைப்போல 8 மடங்கு வேகமானது. ஆனால் அது மட்டுமென்றால் 12 நாள் ஒன்றரை நாளாகியிருக்கும், அவ்வளவே. மிச்சம் எங்கிருந்து வந்தது?

எங்கள் கலியாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இலைக்கும் ஓர் அகப்பைச் சோறெடுக்கக் குசினிக்கு ஓடினால் பந்தி முடியாது. வாளியில் நிரப்பி வந்தால் வரிசையாகப் போட்டுக்கொண்டே போகலாம். கிறே-1இன் செயலிக்குள் இப்படி 8 வாளிகள் இருந்தன. வெக்டர் பதிவகம் என்பது அவற்றின் பெயர். ஒவ்வொன்றும் 64 எண்களைக் கொள்ளும். ஒரே கட்டளையில் அந்த 64ஐயும் வரிசையாகப் பெருக்கலாம், கூட்டலாம்.

எமக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான். சோறு போடுகிறவர் கடைசி இலையை அடையும்வரை பருப்புக்காரர் காத்து நிற்பாரா? பின்னாலேயே வருவார். அதேபோல, பெருக்கலின் முதல் விடை வந்ததும் கூட்டும் பகுதி அதை வாங்கிக்கொள்ளும். 64ஆவது விடைவரை நில்லாது. இதனைச் சங்கிலி இணைப்பு என்பர். கம்பி நீண்டால் மின்சமிக்ஞை சுணங்கும் என்பதற்காக, கிறே இயந்திரத்தையே வளைவாகக் கட்டி, எந்தக் கம்பியும் 4 அடிக்கு மேற்படாமல் பார்த்துக்கொண்டார்.

வாளி பின்னர் வீட்டுக் கணனிக்கும் வந்தது. 1999இல் வெளியான பென்ரியம் 3 ஒரே கட்டளையில் 4 எண்களைக் கையாண்டது. பிள்ளைகளின் கணனி விளையாட்டுகளுக்கு அது நன்றாக உதவியது. றெடிங் நிலையத்தின் பெருங்கணனிகள் 2022 முதல் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் இயங்குகின்றன. அங்கேயும் செயலிக்குள் வாளிகள்தான்.