கொழுப்புக் குறைப்பு மருந்தும் இதயநோய்த் தடுப்பும்: மரக்காணம் உப்பளப் பகுதியை முன்வைத்து

திண்டிவனம் – புதுச்சேரிச் சாலையில் அமைந்த கிளியனூரிலும் மரக்காணத்து உப்பளச் சிற்றூர்களிலும் ஒருவருக்கு மாரடைப்பு நேரின், பெரிய மருத்துவமனையை அடையும்வரை கழியும் நேரமே உயிரைத் தீர்மானிக்கிறது. அந்நேரத்தை ஈடுசெய்யத் தமிழக அரசு 2023ஆம் ஆண்டு ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கியது. மாரடைப்பு அறிகுறியுடன் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வருவோர்க்கு ஆஸ்பிரின் 300 மி.கி., குளோபிடோகிரெல் 300 மி.கி., அட்டோர்வாஸ்டாட்டின் 80 மி.கி. ஆகியவை உடனே அளிக்கப்பெறுகின்றன. முன்னிரண்டும் இரத்தம் உறைவதைத் தடுப்பன. மூன்றாவது கொழுப்புக் குறைப்பு மருந்து. அதன் பெரும்பயன் மாரடைப்பு நேரும் நாளில் அன்று, அதற்கு முந்தைய ஆண்டுகளில் கிட்டுவது என்பது பலரும் கருதாத செய்தி.

ஸ்டேட்டின் வகையைச் சார்ந்த இம்மருந்து, கல்லீரல் கொழுப்பை உருவாக்கத் துணைபுரியும் நொதியைத் தடுக்கிறது. கொழுப்புக் குறைந்த கல்லீரல், இரத்தத்திலுள்ள எல்.டி.எல். கொழுப்பை மிகுதியாக ஈர்த்துக்கொள்கிறது. 1970களில் ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ பூஞ்சைகளிலிருந்து முதல் ஸ்டேட்டினைப் பிரித்தெடுத்தார்.

நீரிழிவு நோயாளர்க்கு இதன் பயன் தெளிவாக நிறுவப்பட்டுள்ளது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இதயநோய் இல்லாத 2,838 நீரிழிவு நோயாளரிடம் நிகழ்ந்த ஆய்வு (2004), நாள்தோறும் 10 மி.கி. அட்டோர்வாஸ்டாட்டின் உண்டோரிடம் மாரடைப்பு, பக்கவாதம் முதலியன 37 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. அவர்களுக்கு எல்.டி.எல். மிகுந்திருக்கவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. நாற்பது வயதைக் கடந்த நீரிழிவு நோயாளர்க்குக் கொழுப்பளவு எதுவாயினும் ஸ்டேட்டினை எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதே இன்றைய வழிகாட்டுதல்களின் போக்கு. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நீரிழிவு நோயாளரை வீடுதோறும் கண்டறிந்து வருகிறது. ஆகவே, தடுப்பு மருந்து யாருக்குத் தேவை என்னும் பட்டியலின் பெரும்பகுதி ஊர்களில் ஏற்கெனவே உள்ளது எனலாம்.

உப்பளத்தில் எழும் சிக்கல் வேறு. வெயிலில் பலகைகொண்டு நாள்முழுதும் உப்பு வாருவோர்க்குத் தோளும் தொடையும் வலிப்பது இயல்பு. ஸ்டேட்டினுக்குப் பரவலாகக் கூறப்படும் பக்கவிளைவும் தசைவலியே. வலிக்கு மாத்திரையே காரணம் எனக் கருதி அதனைத் தாமாக நிறுத்திவிட இடமுண்டு. 2022இல் வெளிவந்த பன்னாட்டுத் தொகுப்பாய்வோ, ஸ்டேட்டின் உண்போர் கூறும் தசைவலிகளுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை அம்மருந்தால் விளைந்தவை அல்ல என்கிறது. அரிதாகத் தசை சிதைவுறும். அப்போது கடும் வலியுடன் சிறுநீர் தேநீர் நிறமடையும். வெயிலில் நீர்வற்றிய உடலிலும் சிறுநீர் அடர்மஞ்சளாகும் என்பதால் இரண்டும் குழம்பக்கூடும். எனவே, இல்லம் தேடிவரும் தன்னார்வலர் மாத்திரை உண்கிறீர்களா என்பதோடு வலி எப்போது தொடங்கியது, உப்பு வாரும் காலத்திற்கு முன்னரா பின்னரா, சிறுநீர் என்ன நிறம் என்பனவற்றையும் வினவுதல் வேண்டும்.